பிரபு வீட்டு இழுப்பறை

என் முரடனுக்கு,

பெண் குழந்தை. இருவரும் நலம். மூக்கு உன்னுடையது, பாவம்.

போருக்காகப் பிரசவத்துக்கு ஒதுக்கிய இந்தக் கிராமத்துப் பிரபுவின் மாளிகையில் தொட்டில் போதவில்லை. மருத்துவச்சி கையைப் பிசைந்தாள்.

"எங்க லண்டன் தெருவுல பிள்ளைங்க அலமாரி இழுப்பறையிலதாம்மா தூங்கும்," என்றேன்.

பிரபுவின் பட்டுச் சட்டைகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு இழுப்பறையைத் தூக்கிவந்தாள். "பிரபு கேட்டா நீதான் பதில் சொல்லணும்டி!"

நம் வீட்டு இழுப்பறையிலும் கம்பளி விரித்து வைத்திருந்தேன். அந்த அறையே குண்டுவீச்சில் போய்விட்டதாம், உன் அம்மா எழுதியிருக்கிறார். அங்கேதான் பெறுவேன் என்று அடம்பிடித்த என்னை நீ, லண்டனைவிட்டுக் கர்ப்பிணிகளை ஏற்றிப்போன பஸ்ஸில் தூக்கிப் போட்டாய். "செத்தாலும் உனக்கு ஒரு வரி எழுத மாட்டேன்!" என்று ஜன்னல் வழியே கத்தினேன்.

சாகவில்லையே. அதனால் எழுதுகிறேன்.

உன் பிடிவாதக்காரி