வராத நாட்களில் நான் செய்தவை

மே 6, திங்கள்

வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றபோது கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஒலிப்பதிவுப் படிப்பு! மொத்தமே இருபத்து நான்கு இடம், அதில் ஒன்று எனக்கு! நுரையோடு கத்தியதில் அப்பாவின் சட்டை நாசம். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு உறையையும் திருப்பிப் பார்த்தார். "உன் பேர்தானா? வேற யாருக்காவது வந்ததா?" பெற்ற மகள் மேல் எவ்வளவு நம்பிக்கை!

ஊரார் குரலில் எல்லாம் பேசிப் பேசித் திட்டு வாங்கியவள் நான். குரல்களைப் பிடித்து வைப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்றால் அது எனக்குத்தானே?

கடைசி வரியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை. பள்ளியில் கடைசி ஆண்டு வருகை எண்பது விழுக்காடு, சான்றிதழ் 15-ஆம் தேதிக்குள். அம்மை போட்ட பதினேழு நாள் தவிர தினமும் போனவள் நான். அது கிடக்கட்டும்.

மே 7, செவ்வாய்

எழுபத்தைந்தரை!!!

வகுப்பு டீச்சர் வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "இருநூறு நாள்ல நூத்தி அம்பத்தொண்ணு. ஒம்பது நாள் குறையுது."

"அம்மைக்குப் பதினேழு சரி டீச்சர். மீதி முப்பத்திரண்டு?"

"அந்த நாள்ல எல்லாம் கொட்டாவி வந்திருக்கா. பாரு."

கொட்டாவி என் உயிர்த்தோழி. முதல் வகுப்புக்கு அவள் கண் விழித்து வந்ததாக வரலாறு இல்லை. அவள் எண்ணைக் கூப்பிடும்போது அவள் குரலில் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லி, கடைசியில் ஒரு கொட்டாவியையும் சேர்ப்பேன். அந்த நுணுக்கத்தில் எனக்குப் பெருமை வேறு.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"மொத நாளே தெரியும். அவளே அவ்வளவு நல்லா கொட்டாவி விடமாட்டா. ஒரு வாய்க்கு ஒரு வருகைதான்டி. அதை நீ அவளுக்குக் குடுத்துட்ட."

அடக் கடவுளே. வருஷம் பூரா நான் இவங்களை ஏமாத்தறேன்னு நினைச்சேனே! இவங்க பேனாவும் கையுமா உக்காந்து என்னை...

கெஞ்சியதற்கு ஒரே பதில்: "அந்த நாள்ல நீ இங்க இருந்தன்னு எழுத்துல ஏதாவது காட்டு. திருத்தறேன்."

மே 8, புதன்

கொட்டாவி அழுதாள். "என் நாள்ல ஒம்பதை நீயே எடுத்துக்கோடி" என்றாள். அது என்ன, இட்லியா, தட்டிலிருந்து எடுத்துப் போட? அவளை வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டேன். உண்மை தெரிந்தால் அவள் படிப்பும் போகும்.

நோட்டில் தேதி கிடையாது. நூலகத்தில் கடைசியாகப் புத்தகம் எடுத்தது இரண்டு வருஷம் முன்பு. நல்ல பிள்ளையாக இருந்ததற்கு எழுத்தில் ஓர் ஆதாரமும் இல்லை.

ஒரு நிமிஷம்.

கெட்ட பிள்ளையாக இருந்ததற்கு?

மே 9, வியாழன்

பள்ளித் துணை முதல்வரின் ஒழுங்குப் பதிவேடு! யார், எந்தத் தேதி, எந்த வகுப்பு, என்ன குற்றம், கீழே குற்றவாளியின் கையெழுத்து. இதைவிட ஆதாரம் வேண்டுமா?

"உன் மேல வந்த புகாருக்கு நகல் உனக்கு எதுக்கு?" என்றார் துணை முதல்வர்.

"கல்லூரிச் சான்றிதழோட இணைக்க, சார்."

ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதையும் குடித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பதிவேட்டைப் பிரித்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். ஆய்வக மேசைக்கு அடியில் பூனைபோல் கத்தியது; டீச்சர் பால் வாங்கி வரச் சொன்னது. மாடியிலிருந்து துணை முதல்வர் குரலில் "வரிசையா நில்லுங்க" என்றது. இரண்டு வகுப்புகள் அரைமணி நேரம் வெயிலில் நின்றன.

"அது என் குரல் மாதிரியே இல்ல" என்றார்.

"நின்னாங்களே, சார்."

இந்த ஆண்டு மட்டும் இருபத்தாறு புகார். அதில் எனக்கு வருகை போடாத நாட்களில் விழுந்தவை எட்டு. எட்டு!

மே 10, வெள்ளி

எட்டு. ஒன்பது மட்டும் எட்டவில்லை.

மே 11, சனி

ஒன்பதாவது இருக்கிறது. எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் பள்ளியில் மணி ஒலிபெருக்கி வழியாக வரும். அதன் சுவிட்ச், பியூன் மணி அண்ணன் பொறுப்பு. அவருடைய உண்மையான பெயர் எந்த வகுப்புக்கும் தெரியாது. நவம்பரில் ஒருநாள் அவர் தண்ணீர் பிடிக்கப் போனபோது, முன்பே பதிந்து வைத்திருந்த மணியோசையை மைக்கில் போட்டேன். இருபது நிமிடம் முன்னதாகவே பள்ளி முழுக்க வீட்டுக்கு ஓடியது. அந்தக் கலவரத்தையும் படியில் நின்று பதிந்துகொண்டேன். கைபேசியில் தேதி, நேரத்தோடு இருக்கிறது. அன்று என் வருகை கொட்டாவிக்குப் போன நாள்.

நூறு தடவை கேட்டுச் சிரித்த பதிவு. துணை முதல்வர் "யாரு மணியடிச்சது?" என்று அலறும் இடத்தோடு நிறுத்திவிடுவேன். இன்று முழுக்கக் கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு குரல் இருக்கிறது. "நான் இல்லீங்க சார். சத்தியமா நான் இல்லீங்க."

அவருக்கு மெமோ கொடுத்தார்கள். மெமோ இருந்ததால் ஆய்வக உதவியாளர் வேலைக்கு அவர் பெயரை அனுப்பவில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும்.

மே 13, திங்கள்

பதிவைப் போட்டுக் காட்டினேன். தன் அலறலைக் கேட்டபோது துணை முதல்வரின் மீசை துடித்தது. அடுத்த குரலைக் கேட்டதும் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். ஆளனுப்பி மணி அண்ணனை வரவழைத்தார். "தப்பு என்னுதுப்பா. நீ சொன்னதை நான் காதுல வாங்கல" என்று அவர் எதிரிலேயே மெமோவைக் கிழித்தார். ஆய்வக வேலைக்கு இன்றே எழுதுவதாகவும் சொன்னார். ஒன்பதாவது புகாரைப் பதிவேட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

நடைக்கூடத்தில் மணி அண்ணன் பின்னாலேயே ஓடினேன். "அண்ணே, மன்னிச்சிடுங்கண்ணே."

நின்றார். கோபம் இல்லை. "ஒண்ணு கேக்கறேன், பாப்பா. உனக்கு அந்த ஒரு நாள் குறையாம இருந்திருந்தா, இன்னைக்கு வந்திருப்பியா?"

ஊரில் உள்ள அத்தனை பேர் குரலும் எனக்கு வரும். என் குரல் வரவில்லை.

மே 14, செவ்வாய்

நூற்று அறுபது! கச்சிதமாக எண்பது விழுக்காடு! டீச்சர் ஒன்பது இடத்தில் அடித்துத் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். சான்றிதழோடு ஒன்பது குற்றப்பத்திரிகைகளும் இணைப்பு. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய எழுத்தர் இரண்டாவது பக்கத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா?

மே 16, வியாழன்

ஒன்றும் வரவில்லை. கொட்டாவி பத்து மணிக்கே எழுந்து விசாரித்தாள். உலக அதிசயம்.

மே 27, திங்கள்

கிடைத்துவிட்டது!!! "இணைப்புகளைத் துறை முழுவதும் படித்தது. சேர்க்கை உறுதி செய்யப்படுகிறது. மைக் அறைச் சாவி முதலாண்டு மாணவர்களுக்குத் தரப்படுவதில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்."

அம்மா என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்து முடியாமல், நான் அம்மாவைத் தூக்கிச் சுற்றினேன். அப்பா இந்தத் தடவை உறையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது மணி அண்ணன் கேட்டது மறுபடி வந்து நின்றது. போ என்றால் போகவில்லை.

ஜூன் 3, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தேன். வாங்கிக்கொண்டும் துணை முதல்வர் அறையை விட்டுப் போகவில்லை.

"இன்னொண்ணு இருக்கு, சார். பிப்ரவரியில காலைக் கூட்டத்துப் பாட்டுல தவளை மாதிரி கத்தினது நான்தான். ஒன்பதாம் வகுப்புப் பொண்ணைப் பாட்டுக் குழுவுல இருந்து நீக்கினீங்களே, அவ இல்ல."

அவர் பெருமூச்சு விட்டார். "இப்ப இதுக்கு எந்த நாள் குறையுது உனக்கு?"

"எதுவும் குறையல, சார். அன்னைக்கு எனக்கு வருகை போட்டிருக்கு."

மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பிறகு பதிவேட்டை எடுத்து எழுதினார். கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவளிடம் என்னவென்று ஆரம்பிப்பது? படியில் காலடிச் சத்தம். சின்ன கால்கள், வேகமாக.

வந்துவிட்டாள்.