க்ளாரா வின்டன் யாருடைய மனைவியும் அல்ல

செய்தி உறுதியாகிவிட்டது. மஸ்கட் கடற்கரைப் படத்தின் கீழே இருந்த "டாக்டரும் மனைவியும்" என்ற வரியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் "செவிலியர் க்ளாரா வின்டன், டாக்டருடன்" என்று இருக்கிறது. ஆதாரம், படத்தை வைத்திருக்கும் அமெரிக்க நூலகத்தின் படப்பிரிவிலிருந்து செவ்வாய்க்கிழமை காலை எனக்கு வந்த மின்னஞ்சல். அதை மட்டும் நம்பாமல் அவர்களுடைய இணையப் பட்டியலையும் திறந்து பார்த்தேன். மாறித்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து, வழக்கம்போல உன் எண்ணுக்கு அனுப்பப் போனேன். உன் பேரைத் தேடி எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

மார்ச்சில் நீ போனாய். எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை.

நீ முதன்முதலில் என்னை அழைத்தது இதே படத்துக்காகத்தான். மஸ்கட்டில் பழைய படங்களின் கண்காட்சி ஒன்று நடந்தது. எண்ணெய் கிடைப்பதற்கு முன் இந்தக் கரைக்கு வந்த அமெரிக்க மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்களைப் பற்றியது. நான் துபாயிலிருந்து போய்ப் பார்த்து ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். கண்காட்சிக்காரர்கள் கொடுத்த படத்தை, அவர்கள் கொடுத்த வரியோடு போட்டிருந்தோம். மறுநாள், அபுதாபிப் பக்கத்து எண்ணெய் ஆலை ஊரான ருவைஸிலிருந்து அழைப்பு.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பேப்பர் ஆபீசுல உங்க நம்பர் தரமாட்டேன்னுட்டாங்க. நாலு பேரைப் பிடிச்சு வாங்கிருக்கேன். அந்தப் படத்தை நல்லா பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன்.

"டாக்டர் கையைக் கட்டிட்டு கேமராவைப் பாத்துட்டு நிக்காரு. அந்தம்மா முழங்கை வரைக்கும் சட்டையைச் சுருட்டி விட்டிருக்கா. கையில கட்டுத்துணி. சட்டையில ஒரு கடிகாரம் குத்தியிருக்கா, தலைகீழாத் தொங்குது. எங்க சித்தி நர்சு, அவளும் அப்படித்தான் குத்தியிருப்பா. வேலை பாத்தது யாருன்னு தெரியுதுல்லா? அவளுக்குப் பேர் போடாம மனைவின்னு போட்டா எப்படி?"

திருநெல்வேலிப் பேச்சு, மூச்சு விடாமல். யார் நீ என்றே இன்னும் சொல்லவில்லை. கேட்டபோது, "எனக்கா? ரிஃபைனரி இன்ஜினியர் பொண்டாட்டி. வரலாறு எம்.ஏ. அதை இங்க யாரும் கேக்கறதில்ல" என்றாய். பிறகு நீயே சிரித்தாய்.

உன் விசாவில் இல்லத்தரசி என்றும், வேலை செய்ய அனுமதி இல்லை என்றும் அச்சடித்திருந்தது. விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளியை இங்கே கபீல் என்பார்கள். நீ அழைத்தால் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: "கபீல் டூட்டிக்குப் போயிட்டாக அக்கா, இப்ப பேசலாம்." உன் கணவர் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்த நாட்களும் உண்டு. "கபீல் இங்கதான் இருக்கேன், வெங்காயம் உரிச்சுக்கிட்டிருக்கேன்" என்று அவர் குரல் கேட்கும்.

ருவைஸ் குடியிருப்பின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு அமெரிக்கப் பெண்ணை நீ தேட ஆரம்பித்தாய். லீவு நாட்களில் அபுதாபிக்குப் போய் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உட்காருவாய். உன் கணவர் காரிலேயே தூங்குவார். வாசலில் மலையாளிக் காவலர் ஸ்டூடண்டா ஸ்டாஃபா என்று கேட்டதையும், "ரெண்டும் இல்ல சேட்டா, சும்மா படிக்க வந்திருக்கேன்" என்று நீ சொன்னதையும், அவர் அந்தப் பதிலுக்குப் பதிவேட்டில் கட்டமில்லாமல் திணறியதையும் நடித்தே காட்டினாய்.

மிஷன் ஆண்டறிக்கை ஒன்றில்தான் அந்தப் பேர் முதலில் கிடைத்தது. செவிலியர் இ. க்ளாரா வின்டன், அமெரிக்காவின் அயோவா மாநிலம். அவ்வளவுதான். இந்தப் பெண்தான் படத்தில் இருப்பவளா என்று தெரியவில்லை. அவளைப் பற்றி வேறு ஒரு வரியும் இல்லை. "ரெண்டு ஆதாரம் இல்லாம நான் எதையும் எழுத மாட்டேன்" என்றேன். "ரெண்டு என்ன, கூடவே தர்றேன். ஆனா முதல்ல அவ அப்பனைப் பிடிக்கணும்" என்றாய்.

முன்னால் இருக்கும் எழுத்து அப்பா பேர். அதில் உனக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. எனக்கு முன்னால் என் அப்பாவின் எழுத்து, உனக்கு முன்னால் உன் அப்பாவின் எழுத்து, க்ளாராவுக்கு முன்னால் ஏதோ ஒரு எட்வர்டின் எழுத்து. கோடை முழுக்க அயோவாவின் வின்டன் குடும்பங்களில் ஆங்கிலத்தில் அந்த E எழுத்தில் பேர் தொடங்கும் ஆண்களைத் தேடினோம். பழைய செய்தித்தாள்கள் இணையத்தில் கிடைத்தன. எட்வர்டு வின்டன் தீவனக் கடை வைத்திருந்தார். எட்வின் வின்டன் பன்றிப் போட்டியில் பரிசு வாங்கினார். எல்மர் வின்டனின் மாட்டுக் கொட்டகையில் தீப்பிடித்தது. மூன்று பேரின் இரங்கல் குறிப்புகளையும் வரி வரியாகப் படித்தோம். க்ளாரா என்ற மகள் ஒருவருக்கும் இல்லை. எல்மருக்கு மகளே இல்லை என்று தெரிந்த அன்று நீ உண்மையிலேயே வருத்தப்பட்டாய். "நல்ல மனுசன் அக்கா. கொட்டகை எரிஞ்ச பிறகு பக்கத்து வீட்டுக்காரனுக்கு வைக்கோல் குடுத்திருக்கான்."

இத்தனைக்கும் உதவியாக இருந்தது அந்த வின்டன்கள் வாழ்ந்த ஊர்ப்பக்கத்துச் சிறிய பொது நூலகம் ஒன்றின் நூலகர். இங்கே மாலையில் கேள்வி அனுப்பினால் மறுநாள் பதில் இருக்கும். கேட்டதையெல்லாம் தேடிக் கொடுத்தார். ஒருநாள் மிகவும் மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டார். நீங்கள் தேடுவது ஒரு செவிலியரை என்று சொன்னீர்கள், இந்த ஆண்களைப் பற்றி ஏன் இவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? நீ விளக்கி எழுதினாய். உடனே பதில் வந்தது. எங்கள் ஊரில் அப்பா பேரை முன்னால் போடும் வழக்கம் இல்லை. அந்த எழுத்தும் அவளுடைய சொந்தப் பேர்தான். இரண்டு பேர் வைத்திருப்பார்கள், அவள் இரண்டாவதால் அழைக்கப்பட்டிருப்பாள். எங்கள் ஊர்ப் பழைய பதிவேட்டில் ஈடித் க்ளாரா வின்டன் என்று ஒருத்தி இருக்கிறாள்.

நான் அப்போது துபாய்த் துறைமுகப் பகுதியான ஜெபல் அலியில் ஒரு கிடங்கு வாசலில், வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். போனில் நீ சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, அப்பா மாஃபி! அப்பாவே கிடையாது. அவளே ஈடித், அவளே க்ளாரா. தலையிலிருந்து கால் வரைக்கும் அவ பேருதான்."

"அப்போ எட்வர்டு?"

"கலாஸ், அவன் கதை முடிஞ்சுது. எட்வர்டுக்கு தீவனக் கடை இருக்கு, பிழைச்சுக்குவான்."

ஈடித் க்ளாரா என்று தேடியதும் வழி திறந்தது. அவள் படித்த நர்சிங் பள்ளி தெரிந்தது. அந்தப் பள்ளியின் பழைய மாணவியர் இதழில் அவளைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது. அரேபியக் கடற்கரையில் பெண்கள் பிரிவைத் தனியாக நடத்துகிறாள், டாக்டரின் மனைவி குழந்தைகளோடு ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்று. மனைவி ஊரில்தான் இருந்தாள் என்பதற்கு இன்னொரு ஆதாரமும் நீயே எடுத்தாய். அவளுடைய ஊர்ச் செய்தித்தாளில் மாதர் சங்கக் கூட்டத்துச் செய்தி, படத்தோடு. அதில் அவளை டாக்டரின் பேரில் திருமதி என்று மட்டும் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்கச் செய்தித்தாள்களில் கல்யாணமான பெண்ணுக்கு அதுதான் வழக்கம். ஒரு பெண்ணைத் தேட வேண்டுமானால் முதலில் அவள் கல்யாணத்தைத் தேட வேண்டும் என்று நீ கண்டுபிடித்து வைத்திருந்தாய்.

நமக்குத் தேவையானது கிடைத்துவிட்டது, நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. "இவ மட்டும் என்ன பாவம் செஞ்சா?" என்று அந்த மனைவியின் கல்யாணச் செய்தியைத் தோண்டி எடுத்தாய். மார்த்தா. அதையும் உன் குறிப்பில் சேர்த்துக்கொண்டாய்.

படப்பிரிவுக்கு விண்ணப்பம் அனுப்பினாய். அவர்கள் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்டார்கள். இப்படி ஒரு செவிலியர் அங்கே இருந்தார் என்பது சரி, படத்தில் இருப்பவர் அவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? க்ளாராவின் முகம் தெரியும் இன்னொரு படம் வேண்டியிருந்தது. நர்சிங் பள்ளியின் வகுப்புப் படம் ஒன்று, கீழே பேர்களோடு, எங்கேயோ இருக்கிறது என்று நூலகர் எழுதினார். தேடித் தருகிறேன் என்றார். அந்தச் சமயத்தில்தான் உனக்கு உடம்பு முடியாமல் போனது.

அபுதாபி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது நீ இளைத்திருந்தாய். ஆனால் பேச்சு இளைக்கவில்லை. நர்சின் சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தை எனக்குக் கண்ணால் காட்டினாய்.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன். அவளை அந்த ஆளு பொண்டாட்டியாவே விட்டுட்டுப் போக மனசு வரல."

"நீயே வந்து முடி."

"முடிஞ்சா முடிக்கேன். இல்லன்னா நீங்க முடிங்க. ரெண்டு ஆதாரம், ஞாபகம் இருக்குல்லா? நீங்கதானே பெரிய ரிப்போர்ட்டர்."

உன் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வகுப்புப் படம் ஏப்ரலில் வந்தது. நூலகருக்கு உன்னைப் பற்றித் தெரியாது. நல்ல செய்தி என்று உனக்குத்தான் எழுதியிருந்தார். உன் கணவர் அதை எனக்கு அனுப்பினார். பின்வரிசையில், இடது ஓரத்தில், அகன்ற நெற்றியும் சற்றே சாய்ந்த தலையுமாக அவள் நிற்கிறாள். மஸ்கட் படத்தில் இருக்கும் அதே முகம். மாதர் சங்கப் படத்தில் இருக்கும் மார்த்தாவுக்கு வட்ட முகம், குள்ளமான உருவம். மூன்று படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நீ எழுதி வைத்திருந்த குறிப்பை ஒரு சொல்லும் மாற்றாமல் சேர்த்து, நான் அனுப்பினேன். நூலகருக்கும் உன்னைப் பற்றி எழுதினேன். அவர் பதிலில், எட்வர்டையும் எல்மரையும் தேடிய அந்தக் கோடையை மறக்க மாட்டேன் என்றிருந்தார்.

படப்பிரிவு ஏற்றுக்கொள்வதற்கு முன் ஒரு விவரம் கேட்டது. படத்தில் இருப்பவரை அடையாளம் கண்டு சொன்னவர் யார் என்று குறிப்பில் போடுவார்கள். அவர் பேரை எப்படிப் போட வேண்டும்? நான் உன் கணவரைக் கேட்டேன். அவர் இரண்டு நாள் கழித்து அழைத்தார்.

"அக்கா, விசாவுல இருக்க மாதிரி போட்டா அவ பேருக்குப் பின்னால என் பேருல்லா வரும். அவங்க ஊர்ல கடைசிப் பேரை வச்சுத்தான் அடுக்குவாங்க. அப்ப அவ கண்டுபிடிச்சதெல்லாம் என் பேர்ல போய் நிக்கும்."

"சர்டிபிகேட்டில் இருக்கிற மாதிரி?"

"அதுல அவ அப்பா எழுத்து. மாமா நல்ல மனுசர்தான். ஆனா அவரா தேடினாரு? அவ பேரு மட்டும் போடச் சொல்லுங்க அக்கா."

அப்படியே எழுதினேன்.

போன மாதம் ஜெபல் அலியில் பொட்டலம் கட்டும் வேலை பார்க்கும் பெண்களைச் சந்திக்கப் போயிருந்தேன். சூப்பர்வைசர், அவர்களில் ஒருவரைக் காட்டி, "இவங்க நம்ம ராஜேந்திரன் வைஃப்" என்று அறிமுகம் செய்தார். நான் அந்தப் பெண்ணிடம் பேர் கேட்டேன். அவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, சாந்தி என்றார். எழுதி, அவரிடமே காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சரிதான், போடுங்க" என்றார். இத்தனை வருடத்தில் நான் பேரைக் கேட்டு எழுதியிருக்கிறேன். எழுதியதை உரியவரிடம் காட்டிச் சரிபார்க்கும் வழக்கம் உன்னால் வந்தது. இனி விடாது.

நிலுவையில் இருப்பது இது. அவர்களுடைய பட்டியலில் குடும்பப் பேர், சொந்தப் பேர் என்று இரண்டு கட்டங்கள். ஒன்றைக் காலியாக விட்டால் பதிவு ஏறாதாம். ஒற்றைப் பேரோடு பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் ஆட்கள் இங்கே ஏர்போர்ட்டில் படும் அதே பாடு. படத்தின் வரியை மாற்றிவிட்டார்கள், உன் பேருக்கான குறிப்பை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விதிவிலக்கு தரலாமா என்பதைப் பட்டியல் குழு முடிவு செய்ய வேண்டும். குழு கோடை விடுமுறைக்குப் பிறகு, அக்டோபரில் கூடும் என்று எழுதியிருக்கிறார்கள்.

மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று உன் கணவரிடம் கேட்டேன். ரிஃபைனரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"மறுத்தா, ஏன்னு கேட்டு எழுதுவோம். அதுக்கும் மறுத்தா இன்னொரு தடவை எழுதுவோம்" என்றார். "அவ இருந்தா இதுக்குள்ள அந்தக் குழுவுல யார் யார் இருக்காங்கன்னு, எல்லார் பேரையும் தேடி எடுத்திருப்பா."

அவர் அதைத் தொடங்கிவிட்டார் போலிருக்கிறது. நேற்று என்னை அழைத்து, நீ நூலகருக்கு எழுதிய கடிதங்களை எப்படி ஆரம்பிப்பாய் என்று கேட்டார்.