பாலக்கரை பி

பாய்,

நேற்று உங்கள் மகள் பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் வந்து உங்கள் நோட்டைக் கொடுத்தாள். விரித்ததும் ஈயம் பற்றவைக்கும் சால்டர் புகை வாசனை. எதையோ நிரூபிக்கத்தான் கொடுக்கச் சொல்லியிருப்பீர்கள் என்று அப்போதே சந்தேகப்பட்டேன்.

துறையூர் அரிசி ஆலையை மறந்திருக்க மாட்டீர்கள். கேமரா கறுப்பு அரிசியைக் கண்டால் காற்று ஊதித் தள்ளும் இயந்திரம். கல்லூரி வாசலை மிதிக்காத நாம் இருவரும் அதற்குப் புது போர்டு செய்தோம். எஃப்.பி.ஜி.ஏ. சிப்பில் எந்தக் கம்பிக்கு எந்தப் பின், அதாவது சிப்பின் எந்தக் கால், என்பதைக் கணினியில் நாம்தான் குறிக்க வேண்டும். நீங்கள் தமிழில் எழுதிய பட்டியலைப் பார்த்து நான் தட்டினேன். 'ஊது' கட்டளைக்கு 'பி 4'. மென்பொருள் முனகக்கூட இல்லை.

ஆலையில் காற்று வரவே இல்லை. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தே கொட்டின.

“ஊதாத மெஷினுக்கு எதுக்குங்க இவ்ளோ ஒயரு? எங்க வீட்டம்மா முறத்துல பொடைச்சா இதைவிடச் சுத்தமா இருக்கும்” என்று ஆலைக்காரர் சிரித்தார்.

“லிஸ்ட்ல இருக்கறதத்தானேண்ணே போட்டீங்க?” என்றீர்கள்.

“லிஸ்ட்டே தப்பா இருந்தா?” என்றேன்.

அடுத்த மாதமே வேறு பட்டறையில் சேர்ந்தீர்கள். சந்தேகப்பட எனக்கு அது போதுமாக இருந்தது. வேண்டுமென்றே மாற்றி எழுதி என்னைக் கவிழ்த்தீர்கள் என்று காவிரிக்கு இந்தப் பக்கம் நான் சொல்லாத ஆள் இல்லை.

நோட்டில் அந்த 'பி 4' பக்கத்தில் சிவப்பு மையில் P என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறீர்கள். நான் தட்டியது B. தமிழில் இரண்டுக்கும் ஒரே பி. சிப்பில் இரண்டு பின்னும் உண்டு. நான் போட்ட பின்னில் கம்பிதான் இல்லை. மை புதிதோ என்று எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தேன். பழசுதான்.

சரி, சதி இல்லை. ஆனால் தெரிந்த பிறகு ஏன் வந்து சொல்லவில்லை? உங்கள் மகளை மடக்கினேன்.

“வந்தாங்களே பெரியப்பா, இதே நோட்டோட. நீங்க வீட்ல இல்லைன்னுட்டாங்களாம். ‘செருப்பு மட்டும் வாசல்ல கெடந்துச்சு’ன்னு அத்தா சொல்லிச் சிரிப்பாங்க.”

இல்லையென்று சொல்லச் சொன்னவன் நான்தான். அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆங்கில எழுத்தை ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம் நீங்கள்.

இன்று காலை தொட்டியத்திலிருந்து ஒருவர் போனில் பின் பட்டியல் படித்தார். “பி ஏழு” என்றார்.

“இருங்க. பெங்களூர் பி-யா, பாலக்கரை பி-யா?”

“பாலக்கரைங்க.”

தட்டினேன். இனி அந்த எழுத்துக்கு என் வாயில் அதுதான் பெயர்.