முகட்டு வழியில் நாத்தனாரோடு

செப்டம்பர் 4

மழை விடவில்லை. கூடாரத்துக்குள் முடங்கிக் கிடக்கிறோம். முன்னொரு காலத்தில் கடலைத் தேடி இந்த மலைகளை முதன்முதலாகக் கடந்தவர்கள் நடந்த பாதை இது. அவர்கள் தங்கிய இடங்களில் கல் நட்டிருக்கிறார்கள். இன்றைய கல்லில், இங்கே இரண்டு பேர் சறுக்கி விழுந்து இறந்ததாக எழுதியிருந்தது. நாத்தனார் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

என் கணவரும் அவர் தங்கையுமாக வர வேண்டிய பயணம். அவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. தங்கை தனியாகப் போக வேண்டாமென்று என்னைத் தள்ளிவிட்டார். மாடிப்படி இறங்கவே கைப்பிடி தேடுகிறவள் நான். அவளோ விளையாட்டு டீச்சர். வீட்டில் அவளுக்கு 'எஞ்சின்' என்றே பேர்.

செப்டம்பர் 5

திரும்பிவிடலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

செப்டம்பர் 7

பயம் இன்னும் போகவில்லை. எழுதினால் அடங்குமா?

காலையில் முகட்டு வழி. ஓராள் அகலம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. மூடுபனி வேறு. எஞ்சின் முன்னால் போய்விட்டாள். கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன் — இல்லை. விழுந்துட்டாளா? அவர்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? பாறையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே நகர்ந்தேன்.

வளைவு தாண்டியதும் இருந்தாள். உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு. அடிபட்டதா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள்.

"பனி கொஞ்சம் விலகிச்சு அண்ணி. கீழ பாத்துட்டேன். காலு வரமாட்டேங்குது."

நான் கூப்பிட்டது கேட்டதாம். வாய் திறக்கவே பயமாம்.

இந்த நோய் எனக்குப் பிறந்ததிலிருந்தே உண்டு, பக்குவம் தெரியும். எழுந்திரு என்று சொல்லவில்லை. தைரியமாக இரு என்றும் சொல்லவில்லை. அகலமான இடம் முன்னால்தான் இருந்தது. அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். எப்படித் தாண்டினேனோ, இப்போதும் தெரியவில்லை. நானும் உட்கார்ந்தேன். பாறையைப் பார்த்தபடி, உட்கார்ந்த வாக்கிலேயே இரண்டு பேரும் நகர்ந்தோம். பேச்சு நின்றால் அவள் நின்றுவிடுகிறாள். அதனால் வழியெல்லாம் அவள் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அவளும் சேர்ந்துகொண்டாள்.

செப்டம்பர் 8

பள்ளத்தாக்கில் ஒரு விடுதி. அண்ணனிடம் போனில், முகட்டில் பனி அழகாக இருந்தது என்றாள். போனை வாங்கி, ஆமாம், ரொம்ப அழகு என்றேன் நானும்.

செப்டம்பர் 9

இன்றும் ஒரு முகடு. பையை மாட்டியதும் எஞ்சின் ஒதுங்கி நின்றாள்.

"நீங்க முன்னால போங்க அண்ணி."

போனேன். முன்னால் போகிறவளுக்குப் பார்த்துக்கொண்டே நடக்க ஒரு முதுகுகூட இல்லை. பயம்தான். பின்னால் அவள் மூச்சு கேட்டுக்கொண்டே வந்தது.