விட்டுப்போன பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும், மனக்குறையைக் கீழே எழுதுகிறேன். ஒன்பது நாளாக நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, அம்மா கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுக்கிறாய், அதனால்தான் கடிதம், இதைப் பாதியில் துண்டிக்க முடியாது பார். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் டாக்டர் சொன்ன நடையை நடப்பதில்லை, கேட்டால் வீட்டுக்குள் நடக்கிற நடை போதாதா என்று என்னிடமே பாய்கிறாள். தம்பி மூன்றாவது முறையாக வேலை மாறியிருக்கிறான், இந்த மேனேஜரையாவது அவனுக்குப் பிடிக்கட்டும். நம் சிறுவர் நலச் சங்க அலுவலகத்தில் சன்னல் ஓரமாக மழை ஒழுகி, பழைய கோப்புகளை எல்லாம் பிரித்துக் கொடியில் துணி மாதிரி காயப்போட்டோம்.

அப்படிக் காயப்போட்டபோதுதான் நீ பதினோரு வயதில் எழுதிய தாள் கிடைத்தது. சிறுவர் கூட்டத்துக்கு வந்த அதிகாரிகளை வாசலில் மறித்துக் கேட்டாயே, "எங்ககிட்ட கேட்டு எழுதிட்டுப் போறீங்க, அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒரு தடவையாவது வந்து சொன்னீங்களா?" என்று, அன்றைக்குத்தான் உனக்குக் குட்டி வக்கீல் என்று பேர் வந்தது. பிள்ளைகளின் கோரிக்கையை யார் கொண்டுபோகிறாரோ அவரே திரும்பி வந்து பதில் சொல்ல வேண்டும் என்று அந்தத் தாளில் நீ எழுதியதையே சங்கத்தின் விதியாக வைத்துக்கொண்டோம். பதினெட்டு வருஷமாக அதை மீறியதில்லை, நல்ல பதிலோ கெட்ட பதிலோ, சனிக்கிழமை பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறோம்.

தேசியக் குழந்தைகள் கொள்கைக்கு நம் பகுதியிலிருந்து போன கோரிக்கைகள் பதினான்கு. அதில் பிள்ளைகள் முதலாவதாக வைத்தது எது என்று உனக்குத் தெரியும், விடுதியில் சேர்க்கும்போது கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது. அதைச் சொன்னவள் அந்த ரெட்டைச் சடைப் பெண். அவள் தம்பியை வேறு ஊர் விடுதிக்கு அனுப்பி இரண்டு வருஷமாகிறது, இன்னும் கண்ணில் காட்டவில்லை. கொள்கையை முடிவு செய்யும் கடைசிக் கூட்டத்துக்கு, நம் சங்கமும் சேர்ந்திருக்கிற கூட்டமைப்பிலிருந்து ஒருவரை அமைச்சகம் கேட்டபோது, தலைநகரிலேயே இருக்கிறாய் என்று உன் பெயரை எழுதிக் கொடுத்தது நான். மகள் என்பதற்காக அல்ல, விதியை எழுதியவள் என்பதற்காக. சரி, கொஞ்சம் மகள் என்பதற்காகவும்தான்.

அச்சான கொள்கைப் புத்தகம் இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை வந்தது, அட்டையில் சிரிக்கிற பிள்ளைகள். முன்கூட்டிப் படித்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு நம்பிக்கை, கட்டைப் பிரித்து நேரே பிள்ளைகள் முன்னால் வாசிக்க உட்கார்ந்துவிட்டேன். விடுதிகளைப் பற்றிய பகுதி வந்தது, முடிந்தும் போனது, அந்தக் கோரிக்கை இல்லை. ரெட்டைச் சடை என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, அச்சகத்தில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும் கண்ணு, அந்த அறையில் என் பெண் உட்கார்ந்திருந்தாள், அவள் இருக்கும்போது இதை எடுக்க விடமாட்டாள், பக்கத்தை அனுப்பச் சொல்கிறேன் என்றேன். பக்க எண்கள் வரிசை தப்பாமல் இருந்ததை நான் பார்க்கவில்லை, அவள் பார்த்தாளோ என்னவோ.

நாலு நாள் கழித்து அந்தக் கடைசிக் கூட்டத்தின் குறிப்பு வந்தது. விடுதி நடத்துகிறவர்கள் ஆட்சேபித்தார்கள், கூட்டமைப்பின் பிரதிநிதி நீக்கச் சம்மதித்தார், கீழே உன் கையெழுத்து. வேறு யாராவது செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். கூட இருந்தே குழி பறித்தது நீ என்பதுதான் தாங்கவில்லை. அதை விடவில்லை என்றால் அவர்கள் எழுந்து போயிருப்பார்கள், மொத்தக் கொள்கையும் நின்றிருக்கும், ஒன்றை விட்டுப் பதிமூன்றை வாங்கினேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். இருக்கலாம். நானும் அந்த மாதிரி மேஜைகளில் உட்கார்ந்து விட்டுக்கொடுத்தவன்தான், உன் முடிவு தப்பு என்றுகூடச் சொல்ல வரவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்க அது உன்னுடையதா? வெளியே வந்து ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, போகட்டும், முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். அதன்பிறகு மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் என்னோடு பேசினாய், மழை நின்றதா, அம்மா மாத்திரை போட்டாளா என்று எல்லாம் கேட்டாய், இதை மட்டும் முழுங்கிவிட்டாய். நம்பவைத்து ஏமாற்றுவதற்கு வேறு பேர் எனக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை ரெட்டைச் சடை வந்து, "பக்கம் வந்துடுச்சா தாத்தா?" என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன். முதல் பொய் தெரியாமல் சொன்னது, இது தெரிந்தே சொன்னது, மூன்றாவது என் வாயில் வராது. நாளைக்கும் கேட்பாள். பதில் சொல்ல வேண்டியவர் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நேரில் வருகிறார் என்று சொல்லப்போகிறேன். அதையும் பொய்யாக்குவது உன் கையில் இருக்கிறது. அன்றைக்கு நீ வராவிட்டால் நானே சொல்லிவிடுவேன், சம்மதித்தது என் மகள் என்பதையும் சேர்த்து. கொள்கையைத் திருத்த மனுப் போடுவது, மற்ற அமைப்புகளைத் திரட்டுவது எல்லாம் செய்யத்தான் போகிறோம், அதற்கு நீயும் வேண்டும், ஆனால் முதலில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. கோபத்தில் எழுதினாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான், எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. உன் பதினோரு வயதுத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன், ஓரம் நனைந்திருக்கிறதே தவிர எழுத்து அழியவில்லை. வரும்போது மறக்காமல் கையோடு கொண்டு வா, அது சங்கத்துக் கோப்பில் இருக்க வேண்டியது.

இப்படிக்கு,
உன் பெயரை எழுதிக் கொடுத்த
அப்பா