மூன்றாவது பதிவு

அக். 14, செவ்வாய்
காலையிலிருந்தே மூடாக்கு. துணி காயவில்லை. வேலை முடிந்து மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கடப்பாக்கத்திலிருந்து அண்ணன் போன்.

"இன்னா மெசேஜ் அனுப்புறீங்க? காத்து வரும்னு பக்கத்து போட்டுக்கு வந்துகீது, எனக்கு வர்ல. அவனுங்க கத்திக் கூப்ட்டாங்க, பாதியில திரும்பினேன்."

கடல் எச்சரிக்கையை மீனவர் போனுக்கு அனுப்புவது எங்கள் ஆபீஸ் மென்பொருள். "பாக்கறேண்ணா."

அக். 15, புதன்
தூறல். பஸ்ஸில் நின்றபடியே.

செய்தி அனுப்பும் புரோகிராம் ஒன்றுதான். ஆபீஸ் சர்வர்களில், தனித்தனிப் பெட்டி மாதிரி மூன்று கன்டெய்னர்களில், அதன் மூன்று நகல் ஓடும். எது எந்த முகவரியில் என்று ஒரு பட்டியல் உண்டு. அதைப் பார்த்துத்தான் வேலை பிரிந்து போகும். இன்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். முதலாவது, பதில். இரண்டாவது, பதில். மூன்றாவது, சத்தமே இல்லை. எப்போதோ நின்றுவிட்டது, பட்டியலில் அதன் பதிவு மட்டும் நீங்கவில்லை. மூன்றில் ஒரு செய்தி அங்கே போய்த் தொலைந்திருக்கிறது.

நின்றுபோனதைக் கண்டுபிடித்து நீக்கும் சோதனையை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். யார் என்று தேடினேன். போன மாதம். என் பெயர். ஏதோ டெஸ்டுக்கு நிறுத்தி, திரும்பப் போட மறந்திருக்கிறேன்.

போட்டேன். ஒரு நிமிஷத்தில் மூன்றாவது போய், புதிதாக ஒன்று எழுந்து பதிவானது. பதிலும் வந்தது.

டீம் லீட் மீரா லீவு. தயிர்சாதம் அப்படியே திரும்பி வந்தது.

அக். 16, வியாழன்
நல்ல வெயில். மீராவிடம் சொல்லிவிட்டேன்.

"யாரும் கேக்கலையே. நீயா வந்து சொல்றே?"

"எங்கண்ணன் கடல்ல இருந்தாரு மேடம்."

மேஜைமேல் இருந்த போனைக் கையில் எடுத்தார். "யார் யாருக்குப் போகலன்னு லிஸ்ட் எடு. நாமளே பேசிடலாம்."

மதியம் வரை இரண்டு பேரும் போன். எல்லாரும் பத்திரம். ஒருவர் நன்றாகத் திட்டினார், வாங்கிக்கொண்டேன். ஒருவர் அன்றைக்குக் கல்யாண வீட்டில் இருந்தாராம், கடலுக்கே போகவில்லை.

கடைசியாக அண்ணனுக்கு. தப்பு என்னுடையது என்றேன். அந்தப் பக்கம் வலையை இழுத்துப் போடும் சத்தம்.

"ஏண்ணா, திட்டேன்."

"உன்ன திட்டி இன்னா ஆவப்போவுது? அண்ணிகிட்ட மட்டும் வாயத் தொறக்காத. வானம் கறுத்துகினு கீது, போவாதன்னு அவ அன்னிக்குக் காலையிலயே சொன்னா."