வாய் நனைக்காமல் நின்றவனுக்கு

இன்று வெள்ளிக்கிழமை. என் வீட்டுக்காரி குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்காமல், கடையில் வாங்கி வந்த பித்தளைப் பாலிஷைத் தடவித் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. குழம்பு வாடைக்கு எச்சில் ஊறுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். பாலிஷ் வாடைக்கு நாக்கு வறள்கிறவர்கள் நீயும் நானும் இரண்டு பேர்தான். இப்போது நான் ஒருவன். பெல்ட்டுக்கும் பொத்தானுக்கும் பாலிஷ் போட்டால் நாளைக்கு அணிவகுப்பு என்று அர்த்தம். அணிவகுப்பு என்றால் இன்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் கிடையாது. பட்டாளத்தை விட்டு வந்து தலையெல்லாம் நரைத்த பிறகும் இந்தப் பாழாய்ப்போன உடம்பு அதை மறக்கவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அரூரில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் எனக்கும் உப்பு ஏறியிருக்கிறதாம், சிறுநீரகம் சரியாக வடிக்கவில்லையாம். உனக்கு முதன்முதலில் சொன்ன அதே வார்த்தை. "பயப்படாதீங்க, இன்னும் கைமீறிப் போகல. தண்ணி மட்டும் நல்லா குடிங்க" என்றார் டாக்டர். மருந்து கிடைக்காத வியாதியா, மலையைப் பிளக்கிற வேலையா? தண்ணீர் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதுதான் என்னால் முடியவில்லை. சொம்பைத் தூக்கினால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பெண்டாட்டியிடம் சொன்னால் திட்டுவாள். டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார். செத்துப்போன உன்னிடம் சொல்கிறேன்.

டெல்லியில் நம் கம்பெனியிலிருந்து மரியாதை அணிக்கு ஆள் பொறுக்கியது நினைவிருக்கிறதா? வெளிநாட்டுத் தலைவர்கள் வந்து இறங்கினால் வரிசையாக நின்று, துப்பாக்கியை நெஞ்சுக்கு நேரே ஏந்தி மரியாதை செய்கிற வேலை. உயரம் ஒத்துப்போனதால் உன்னையும் என்னையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார்கள். எல்லையிலிருந்து லீவில் வருகிற பையன்கள் நம்மைப் பார்த்துக் கேலி பேசுவார்கள், நிற்பதற்கெல்லாம் சம்பளமா என்று. நின்று பார்த்தால் தெரியும். கம்பளித் துணியில் தைத்த உடுப்பு, தாடையை அறுக்கிற வார், லாடம் அடித்த பூட்ஸ். முதுகுத்தண்டில் வேர்வை இறங்கும், சொறிய முடியாது. மூக்கில் ஈ உட்காரும், ஓட்ட முடியாது. கண்ணைச் சிமிட்டுவதைக்கூட எண்ணி எண்ணிச் செய்ய வேண்டும். முட்டியை இறுக்கிவிட்டால் ரத்தம் மேலே ஏறாது. முதலில் காதில் விசில் அடிக்கும், அப்புறம் கண்ணில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக வரும், அப்புறம் தரைதான்.

விழுந்தாலும் துப்பாக்கியை விடாமல் விழ வேண்டும். பக்கத்தில் நிற்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் காத்திருக்கிற ஒருவன் சத்தமில்லாமல் வந்து அந்த இடத்தில் நிற்பான். வரிசையில் ஓட்டை தெரியக் கூடாது, அதுதான் முறை.

தண்ணீர் விஷயத்தில் முறை என்று எவனும் எழுதி வைக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உப்பும் எலுமிச்சையும் போட்டுக் குடிக்கச் சொல்லித்தான் கொடுத்தார்கள். நாம்தான் தங்கியிருந்த பாரக்குக்குப் பின்னால் எடுத்துக்கொண்டு போய் வேப்பமரத்து அடியில் ஊற்றிவிட்டு, "குடிச்சாச்சு சாப்" என்று காலி மக்கைத் திருப்பிக் கொடுத்தோம். நமக்கு முன்னால் நின்றவர்களும் ஊற்றினார்கள், நாமும் ஊற்றினோம். ஒத்திகையில் கால்சட்டையை நனைத்துக்கொண்ட ஒருத்தனுக்குக் குழாய் என்று பெயர் வைத்து, அவன் ஊருக்குப் போகிறவரைக்கும் அப்படியே கூப்பிட்டார்களே, அந்தப் பயம். வெயிலில் விழுந்தவனை எவனும் கேவலமாகப் பேச மாட்டான். நனைத்துக்கொண்டவன் மானம் போனது போனதுதான். அதனால் விழுந்தாலும் பரவாயில்லை என்று வாயைக் கட்டினோம். அந்த வேப்பமரம் மட்டும் நன்றாக வளர்ந்தது.

நான் முதல் கோடையிலேயே விழுந்தவன். நீ விழுந்ததே இல்லை. அதற்கு அப்புறம் நான் விழாமல் இருந்ததற்கு நீதான் காரணம். உதடு அசையாமல் பேசுகிற வித்தையை எங்கே பிடித்தாயோ தெரியாது. என் மூச்சு மாறுவது உனக்குக் கேட்டுவிடும். பல்லுக்கு உள்ளேயே ஆரம்பிப்பாய். "டேய், பூட்சுக்குள்ள வெரல ஆட்டு. ஆட்டறியா? வண்டி சோலையார்பேட்டை தாண்டிருச்சு. சாமல்பட்டி வந்துருச்சு பாரு. மூட்டைய எடுத்துக்க, மொரப்பூர் வருது. எறங்குனதும் மொதல்ல டீ." சுற்றி நிற்கிறவன் ஒருத்தனுக்கும் தமிழ் தெரியாது. வாத்தியம் முழங்க எந்த நாட்டுத் தலைவரோ நம் முன்னால் நடந்து போய்க்கொண்டிருப்பார். நீ என்னை மொரப்பூர் ஸ்டேஷனில் இறக்கி அரூர் பஸ் ஏற்றிவிட்டுக்கொண்டிருப்பாய். சிரிப்பை அடக்குவது நிற்பதைவிடப் பெரிய பாடாக இருக்கும்.

ஊருக்கு வந்த பிறகும் நீ மாறவில்லை. பஸ் ஏறினால் தண்ணீர் தொட மாட்டாய். கல்யாண வீட்டில் பந்தியில் வைத்த தம்ளர் வைத்தபடி இருக்கும். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப் போயிற்று என்று தருமபுரியில் சொன்னபோது, இதனால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். பல காரணம் இருக்கும் என்றார். இருக்கட்டும். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

அதற்கப்புறம்தான் கொடுமை. தண்ணீரே வேண்டாம் என்று வாழ்ந்த உனக்குத் தாகம் வந்தது. டயாலிசிஸ் ஆரம்பித்ததும், குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தேங்கிவிடும், அளந்துதான் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். உன் வீட்டுக்காரி சாலம்மா, குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு போல ஒரு சின்னத் தம்ளரில் ஊற்றிக் கொடுப்பாள். ஒரு நாள் நான் வந்தபோது நீ மாட்டுத் தொட்டி ஓரம் குந்தி, கையால் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாய். அவள் ஓடி வந்து உன் கையைப் பிடித்து இழுத்தாள். ஆறடி மனுஷன், அவள் பிடியில் அழுதாய். "ஒரு வாய், ஒரே ஒரு வாய் உடு சாலா." "மூச்சு முட்டிப் போயிருவீங்க. சொன்னாக் கேளுங்க சாமி" என்று அவளும் அழுதாள். என்னைப் பார்த்து நீ சொன்னாய்: "அந்த வேப்பமரத்துக்கு ஊத்துனம் பாரு, அதுல ஒரு மக்குத் தண்ணி இருந்தாப் போதும்டா." எனக்கு உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அன்றைக்குத்தான் கேட்டாய். "மேளம், மாலை எல்லாம் பங்காளிங்க பாத்துக்குவாங்க. நீ மட்டும் என் தலமாட்டுல நிக்கணும். எடுக்கற வரைக்கும். நம்ம நிக்கற மாதிரி நிக்கணும்." நான் சரியென்றேன்.

சித்திரை வெயிலில் போனாயே, உனக்கு வேறு மாதம் கிடைக்கவில்லையா? தகவல் வந்த சாயங்காலமே பழைய பெல்ட்டை எடுத்துப் பாலிஷ் போட்டேன். "இந்த முட்டிய வெச்சிக்கிட்டு எங்க நிக்கப் போறீங்க" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். காலையில் மெடல் குத்திக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். துப்பாக்கி இல்லை. பந்தல்காரரிடம் ஒரு மூங்கில் கம்பு வாங்கினேன். கம்பின் முனையை இடது பூட்ஸ் மேல் ஊன்றி, மேல் நுனியில் இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, தலையைக் கவிழ்த்தேன். சாவுக்கு நிற்கிற முறை அதுதான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நின்ற பிறகுதான் உறைத்தது, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை என்று. யோசித்துச் செய்யவில்லை. பாலிஷ் போட்டேன், வாயைக் கட்டிவிட்டேன். எதனால் நீ செத்தாயோ அதையே உனக்கு மரியாதையாகச் செய்துகொண்டு நிற்கிறேன். என்னைப்போல மடையன் உண்டா?

வடக்கே இருக்கிற உன் மகள் வந்து முகம் பார்த்தால்தான் எடுக்க முடியும். அவள் வருகிற வண்டி லேட். உச்சி வெயில் ஏறிவிட்டது. காதில் விசில் ஆரம்பித்தது. விரலை ஆட்டிப் பார்த்தேன். சர்க்கரை வந்த காலடா இது, விரல் இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரிவதில்லை. கறுப்புப் பொட்டு வந்தது. ஐஸ் பெட்டிக்குள் நீ படுத்திருக்கிறாய். வரிசையில் என் பக்கத்தில் நிற்க யாருமில்லை. டேய், ஏதாவது பேசுடா, எந்த ஸ்டேஷன்டா இது என்று மனசுக்குள் கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்?

அப்போது சாலம்மா எழுந்து வந்தாள். கையில் சொம்பு. "அண்ணா, வாயத் தொறங்க" என்றாள். நான் அசையவில்லை. நிற்கிறவன் குடிக்க மாட்டான், அது அவளுக்கும் தெரியும். "உடும்மா, அது மிலிட்டரி மொற" என்று உன் பங்காளி ஒருவர் சொன்னார்.

"என்னாங்க மொற?" என்று அவள் திரும்பினாள். அழுது அழுது குரலே இல்லை. "அந்த மனுசன் தண்ணி தண்ணின்னு கேட்டுக் கேட்டு செத்துச்சு. நான் ஊத்தல. டாக்டரு சொன்னாருன்னு கைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டன். போற உயிரு, அப்பவும் கேட்டுச்சு. அப்பவும் நான் ஊத்தலீங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது குடிங்கண்ணா. என் கையால யாராவது ஒருத்தர் குடிங்க."

வாயைத் திறந்தேன். கை இரண்டும் கம்பின் மேலேயே இருந்தன. அவள் எட்டி நின்று ஊற்றினாள். பாதி உள்ளே போயிற்று, பாதி மெடல் மேல் வழிந்தது. குடித்து முடித்ததும் முட்டி மடங்கிவிட்டது. உன் தலைமாட்டிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. உன் மகள் வந்து விழுந்து அழுது, உன்னை எடுத்துக்கொண்டு போகிறவரைக்கும் உட்கார்ந்துதான் இருந்தேன். நீ கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் முழுசாகச் செய்யவில்லை.

என் ரத்தப் பரிசோதனையைப் பற்றி சாலம்மாவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. இப்போது தினமும் சாயங்காலம் போன் செய்கிறாள். "தண்ணி குடிச்சீங்களாண்ணா?" முதல் இரண்டு நாள், குடித்தேனம்மா என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் அவள் விடவில்லை. "உங்க பேச்ச நம்ப மாட்டன். நீங்க ரெண்டு பேரும் ஒரே கூட்டு. சொம்ப எடுத்துக்கிட்டு வாங்க. போன வெச்சிராம குடிங்க, எனக்குக் கேக்கணும்."

அதனால் குடிக்கிறேன். போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடைக்கிற தொண்டையில் ஒவ்வொரு மடக்காக இறக்குகிறேன். தாகம் என்று எனக்கு ஒன்றும் இல்லை. சொம்பு காலியாகிறவரைக்கும் நான் விழுங்குகிற சத்தத்தை அந்தப் பக்கம் அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம்தான் போனை வைக்கிறாள்.